கயிற்றுக்கு வெளியே இரண்டடி

4-12-66, ஞாயிறு. மாலை 6.15

இன்று ஒரு தப்பு செய்தேன். சின்னத் தப்புதான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கோவண்டியில் ரவூப் சேட்டின் தபேலாவுக்கு, அதாவது எருமைத் தொழுவத்துக்குப் பின்னால், சத்தில்லாத சரளை முரம் மண் கொட்டி நிரப்பிய இடத்தில் நாலு பாத்திகள் போட்டோம். ஒவ்வொன்றும் இருபதடி நீளம், பத்தடி அகலம். மாட்டுத் தீவனத்துக்கான குதிரை மசால் விதை. ஒன்றாம் பாத்தியிலும் நாலாம் பாத்தியிலும் எங்கள் கல்ச்சர் பூசிய விதை. இரண்டிலும் மூன்றிலும் வெறும் விதை. ஹமீது பாய் விதைத்து மூடிக்கொண்டே போனார். நான் பின்னால் முளை அடித்துக் கயிறு கட்டினேன்.

எங்கள் அளவு நாடாவில் முதல் இரண்டடி கிழிந்து போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாம் பாத்தியில் மறந்துவிட்டேன். அதனால் அதன் தெற்குக் கயிறு பதினெட்டாவது அடியிலேயே நிற்கிறது. விதைத்த வரிசைகள் கயிற்றைத் தாண்டி இரண்டடி வெளியே போகின்றன.

ஹமீது பாய் பார்த்துவிட்டுச் சிரித்தார். "விடுங்க தங்கச்சி. வெளிய இருக்கிறது எருமைக்குப் பங்குன்னு வச்சுக்கிடுவோம்."

சாரிடம் சொல்லவில்லை. ஆபீஸ் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் மற்றவற்றைப் போலவே இதற்கும் இருபது என்று எழுதினேன். அது இரண்டாவது தப்பு.

22-1-67, ஞாயிறு. பிற்பகல் 2.40

காலை 8.20-க்கு நானும் சாரும் வெங்கு மாமாவும் கோவண்டி ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். 8.35-க்குப் பாத்திகளின் முன்னால் நின்றோம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

நாலு பாத்திகளும் ஒரே பச்சை.

சார் என்றால் சுந்தரராமன் சார். சர்க்கார் விவசாய இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் செம்பூரில் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு இந்த ஆய்வுக்கூடத்தை நடத்துகிறார். அங்கே ஒரு பாக்டீரியாவை வளர்க்கிறோம். குதிரை மசால் செடியின் வேரில் அது முடிச்சுப் போட்டுக் குடியேறும். காற்றில் இருக்கிற தழைச்சத்தைச் செடியால் நேராக எடுத்துக்கொள்ள முடியாது. இது பிடித்துக் கொடுக்கும். இதைக் கரிப்பொடியில் கலந்து பொட்டலம் கட்டுகிறோம். அதுதான் கல்ச்சர். வெல்லத் தண்ணீரில் குழைத்து விதையில் பூசி விதைத்தால் உரம் வேண்டாம். விதை கறுப்பாகிவிடும், அவ்வளவுதான்.

கூடத்தில் நாங்கள் மூன்று பேர். பகலில் நான் சோதனைக் குழாய்கள் கழுவி, குறிப்பெடுத்து, சாயங்காலம் மாதுங்காவில் சயன்ஸ் வகுப்புக்குப் போகிறேன். வேங்கடசுப்ரமணியன் என்கிற வெங்கு மாமா விற்பனையைப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. ஹமீது பாய் தாராவிக்காரர். கரி அரைப்பது, விதைப்பது, பாத்திக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் அவர்.

வருகிற ஞாயிறு 29-ஆம் தேதி. தபேலாக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை ரவூப் சேட் அழைத்து வருகிறார். அவர்களுக்குத் தாணேப் பக்கம் தீவன நிலங்கள் இருக்கின்றன. உரம் கிடைக்காமல் அலைகிறார்கள். ஒன்றும் நாலும் பச்சையாக, இரண்டும் மூன்றும் மஞ்சளாக நிற்பதை அவர்கள் கண்ணால் பார்த்தால் கூடம் பிழைக்கும். பார்க்காவிட்டால் மாதக் கடைசியில் கொட்டகையைப் பூட்டிவிடுவதாகச் சார் முன்பே சொல்லியிருக்கிறார்.

"நாலும் பச்சைன்னா நாலுலயும் கல்ச்சர் போயிருக்கு," என்றார் சார். "விதைச்சது யாரு?"

ஹமீது பாய் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். "ஸார், கறுப்பு விதை ஒரு வாளி, வெள்ளை விதை ஒரு வாளி. கலக்கல."

"பின்ன எப்படி?"

"தெரியல ஸார்."

வெங்கு மாமா சாரின் தோளைத் தொட்டார். "விடுங்கோ ஸார். வேணும்னா பண்ணினான்? படிக்காத மனுஷன்."

ரவூப் சேட் பல் குச்சியோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது எருமைகளுக்கு முதலாளி ஆனவர். "கலக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் மண்ணு ராசியான மண்ணு. அதுக்கு ஒங்க கரிப்பொடியே வேண்டாம்னு சொல்லுது."

சார் அவரைக் கவனிக்கவில்லை. "ஹமீது, நாளையிலேருந்து நீ வர வேண்டாம். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன், என் ஆள் விதையைக் கலந்துட்டான்னு. மறுபடி ஒரு தடவை சந்தர்ப்பம் தருவாளான்னு கேட்கறேன்."

ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது ஹமீது பாய் என்னோடு கொஞ்ச தூரம் வந்தார். "ஊருக்குப் போறவங்க தாராவியில என்கிட்டதான் வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போவாவ தங்கச்சி. இனிமே குடுப்பாவளா?"

சொல்லிவிட்டுத் தபேலாப் பக்கம் திரும்பி நடந்தார்.

23-1-67, திங்கள். மதியம் 1.30, கூடம்

பழைய குறிப்பு நோட்டைத் திரும்பப் படித்தேன். ஞாயிறுதோறும் போய் எழுதியவை. 11-12: முளைத்தது. 18-12: நாலும் ஒன்றுபோல். 25-12: நாலும் ஒன்றுபோல். 1-1, 8-1: நாலும் ஒன்றுபோல், நல்ல பச்சை. 15-1: நானே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அப்போதே சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். என் கண்ணில் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு வேளையில் வெங்கு மாமா கேலி செய்தார். "என்ன ஷ்யாமளா, மைக்ராஸ்கோப்புல மாப்பிள்ளை தெரியறானா?"

"தெரியறார் மாமா. ரொம்பச் சின்னவரா இருக்கார்."

அவர் சிரித்துக்கொண்டே கேரியரைப் பிரித்தார். மூன்றடுக்கு. முன்பெல்லாம் நாலடுக்கு. மாமி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாளா என்று கேட்டேன். "வயசாச்சோன்னோ, மூணு போதும்," என்றார்.

பிறகு பெருமூச்சு விட்டார். "இந்தக் கூடத்துக்காக என்னெல்லாம் பண்ணினேன். வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு, ஒரு சொட்டு ஜலம் குடிக்காம, கோவண்டி வெயில்ல போட்டோ எடுத்துண்டு வந்தேன். சாயங்காலம் நேரா பஜனைக்கு வந்தேனே, நீயும் பார்த்தாயே. என்ன பிரயோஜனம்?"

பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். பட்டினியோடு எப்படிப் பாடுகிறார் பார் என்று அம்மாகூடச் சொன்னாள்.

26-1-67, வியாழன். மாலை 4.00

குடியரசு தினம், விடுமுறை. வேரைப் பார்க்காமல் இலையைப் பார்த்தே பேசுகிறோம் என்று நேற்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. காலையில் தாராவிக்குப் போய் ஹமீது பாயைக் கூட்டிக்கொண்டேன். குர்லாவில் வண்டி மாறி, 7.50-க்கு கோவண்டி.

ஒன்றாம் பாத்தியில் பத்துச் செடிகளை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசினோம். பத்திலும் வேர் முடிச்சுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சு உயிரோடு வேலை செய்தால்தான் அந்த நிறம்.

ஹமீது பாய் குனிந்து பார்த்தார். "இதுக்கும் ரத்தம் ஓடுதா!"

நாலாம் பாத்தியிலும் அப்படியே. இரண்டாம் பாத்தியில் பத்துச் செடி. ஒரு முடிச்சு இல்லை. மூன்றாம் பாத்தியில் பத்து. ஒன்றும் இல்லை. நம்பிக்கை வராமல் இன்னும் பத்துப் பத்து பிடுங்கினேன். இல்லை.

"பாய், நீங்க கலக்கலை," என்றேன். "கலந்திருந்தா இதுலயும் முடிச்சு இருந்திருக்கும்."

அவர் வேர்களை வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றையும் நேராக்கி நேராக்கி வைத்தார்.

எங்கள் சந்தோஷம் மூன்று நிமிஷம் இருந்திருக்கும். ரவூப் சேட் டீ டம்ளரோடு வந்து, துணியைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அப்போ ஹமீது சுத்தம். நல்லது. ஆனா எம்மா, முடிச்சு இல்லாமயே ரெண்டு பாத்தி இம்புட்டுப் பச்சையா இருக்குதுல்லா? அப்போ ஒங்க கல்ச்சர் தண்டம். நான் சொன்னது இதத்தான்."

ஹமீது பாயைக் காப்பாற்றப் போய்க் கூடத்தையே மூடிவிட்டேனோ என்று பயம் வந்தது. வேர் பிடுங்கியிருக்கவே கூடாதோ?

8.50. தபேலாவில் பால் கறக்கிற மெஹராஜ் அக்கா அரிவாளோடு வந்தார். மூன்றாம் பாத்தியின் தெற்கு ஓரத்தில் குந்தி, கயிற்றுக்கு வெளியே இருந்ததைக் கன்றுக்குட்டிக்காக அறுக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் நான் ஏழு வாரமாகப் பார்த்ததே இல்லை. பார்த்தால் என் தப்பு நினைவுக்கு வரும். ஹமீது பாய்க்கு அது எருமையின் பங்கு. மற்றவர்களுக்கோ எருமை போகிற வழியோரத்துப் புல்.

"இத அறுத்து என்னத்துக்கு ஆவுது?" என்று அவர் தனக்குத் தானே பேசிக்கொண்டார். "கன்னுக்குட்டி மோந்து பாத்துட்டு உள்ள இருக்கிறதக் கேக்குது. இது நோஞ்சான்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாம் பாத்தியில் எட்டு வரிசைகள். எட்டும் கயிற்றுக்குக் கீழே நுழைந்து இரண்டடி வெளியே போகின்றன. கயிறு வரை கரும்பச்சை. கயிற்றைத் தாண்டியதும் மஞ்சள். கத்தியால் வெட்டினதுபோல். ஒரே வரிசை, ஒரே விதை, ஒரே மண், ஒரே நாளில் ஒரே கை போட்டது.

நான் எழுந்து நிற்க முயன்று வாளியைத் தட்டிவிட்டேன். மேலே அறுக்க வேண்டாம் என்று அக்காவைத் தடுத்தேன்.

மண் ராசி என்றால் அந்த ராசி கயிற்றோடு நிற்காது. யாரோ கயிற்றைப் பார்த்து, கயிற்றுக்குள் மட்டும் உரம் போட்டிருக்கிறார்கள்.

மெஹராஜ் அக்காவிடம் கேட்டேன். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"இந்தப் பக்கம் யார் யார் வருவா அக்கா?"

"ஹமீது அண்ணன் தெனமும். நீ ஞாயித்துக்கிழமை. ஒங்க பெரிய ஸார் ஒன்கூட ரெண்டு தடவ. சேட்டு எப்பவும்."

"வேற?"

"போட்டா புடிக்கிறவரு ஒரு தடவ, தனியா."

"எப்போ?"

"நோன்பு நேரம். வெள்ளிக்கெழம மத்தியானம். ஹமீது அண்ணன் ஜும்மாவுக்குப் போயிருந்தாவ. எனக்கு நோன்பு, டீ தர முடியலன்னேன். தனக்கும் வெரதம், தண்ணி கூட ஆவாதுன்னாரு. நல்ல ஜோடி போ, ரெண்டு பேரும் வாயக் கட்டிக்கிட்டு நிக்கோம்னு சிரிச்சேன்."

"அப்புறம்?"

"நீ நிக்க வேண்டாம், போய்ப் பால் கொண்டு குடுன்னு என்ன அனுப்பிட்டாரு. நான் திரும்பி வந்தப்போ தொட்டியில தூக்குச்சட்டியக் கழுவிக்கிட்டு இருந்தாரு. அந்த அடுக்குச் சட்டி. அன்னைக்கு ஒரு கூத்து. எருமைங்க தொட்டித் தண்ணிய மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சு. நானே அம்புட்டையும் எறைச்சு ஊத்தினேன், நோன்போட."

காலண்டரைப் பார்க்காமலே எனக்கு நாள் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். 23-12-66, வெள்ளி. வைகுண்ட ஏகாதசி.

28-1-67, சனி. காலை 7.00

இரண்டு நாளாக என் முடிவில் ஓட்டை தேடினேன். எனக்கே என்மேல் நம்பிக்கை குறைவு. அதுவும் மூன்றாவது வீட்டு மாமா. சின்ன வயசில் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர்.

நேற்று சாரிடம் ஞாயிறன்று பத்து நிமிஷம் பேச அனுமதி கேட்டேன். முதலில் நான் முளை அடித்த தப்பைச் சொன்னேன். சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லலை?"

"வெட்கமா இருந்தது ஸார்."

"நாளன்னிக்கு நீ சொல்லப்போறது தப்பா இருந்தா?"

"கயிற்றைத் தப்பாக் கட்டினவ சொல்றான்னு எல்லாரும் சிரிக்கட்டும் ஸார். ஆனா அதுக்கு முன்னாடி ஹமீது பாயைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது."

ஹமீது பாயையும் அழைத்து வரச் சொன்னார்.

29-1-67, ஞாயிறு. மாலை 5.30

காலை 9.05. தபேலாக்காரர்கள் பதினோரு பேர் கவிழ்த்த பால் கேன்களில் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கு மாமா கழுத்தில் காமிராவோடு நின்றார். ஹமீது பாய் கடைசியில், சலவைச் சட்டையில்.

வெள்ளைத் தட்டில் வேர்களைக் காட்டினேன். ஒன்றிலும் நாலிலும் முடிச்சு இருக்கிறது, இரண்டிலும் மூன்றிலும் இல்லை, ஆகவே ஹமீது பாய் விதையைக் கலக்கவில்லை என்று சொன்னேன். பிறகு எல்லாரையும் மூன்றாம் பாத்தியின் தெற்கு ஓரத்துக்குக் கூட்டிப்போனேன். கயிறு அங்கே நிற்பது என் தப்பு என்றும் சொன்னேன்.

ரவூப் சேட் குந்தி உட்கார்ந்து, ஒரு வரிசையை விரலால் தடவிக்கொண்டே பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போனார். திரும்பப் பச்சைக்கு வந்தார். "யா அல்லா. எவனோ உரம் போட்டிருக்கான்."

"ஆமாம் சேட். ரெண்டாம் பாத்தியிலயும்."

"பயிரு வாடுதேன்னு பாவம் பாத்து யாரும் போட்டிருப்பாவ. மெஹராஜு, நீயா?"

"எனக்கு எதுல கறுப்பு விதை, எதுல வெள்ளை விதைன்னே தெரியாதே," என்றார் மெஹராஜ் அக்கா.

"பாவம் பார்க்கணும்னா முதல்ல மஞ்சள் தெரியணும் சேட்," என்றேன். நோட்டை நீட்டினேன். "இந்த ரெண்டு பாத்தியும் ஒரு நாள்கூட மஞ்சளாகலை. மஞ்சளாகறதுக்கு முன்னாலேயே உரம் விழுந்திருக்கு. எது வெறும் விதைன்னு பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாத நாள்லயே போட்டிருக்கா. அப்போ, முன்னாடியே தெரிஞ்சவர்தான் போட்டிருக்கணும். தெரிஞ்சவா நாலே பேர். ஸார், நான், ஹமீது பாய், வெங்கு மாமா."

ஒரு எருமை மட்டும் கத்தியது.

"ஹமீது பாய் தன் கையால விதைச்ச வரிசை. அது கயிற்றைத் தாண்டி எவ்வளவு தூரம் போறதுன்னு அவருக்குத் தெரியும். அவர் போட்டிருந்தா வரிசை முடியற வரைக்கும் போட்டிருப்பார். எனக்கும் தெரியும், தப்பே என்னோடது. ஸார் ரெண்டு தடவைதான் வந்தார், ரெண்டு தடவையும் நான் கூட இருந்தேன். உரம் போட்டவருக்குச் சுவத்துல இருக்கற வரைபடம் தெரியும், கயிறு தெரியும். கயிற்றுக்கு வெளியே பயிர் இருக்கும்னு மட்டும் தெரியாது."

வெங்கு மாமா சிரித்தார். "குழந்தை துப்பறியறது. நான் போட்டோ எடுக்க வந்தேன், ஷ்யாமளா. போட்டோ எடுக்கறவன் மூட்டை உரத்தோடயா வருவான்?"

"மூட்டை வேண்டாம் மாமா. இந்த அளவு பாத்திக்கு அம்மோனியம் சல்பேட் முக்கால் பவுண்டு போதும். ரெண்டுக்கும் சேர்த்து ஒன்றரை. கேரியர்ல ஒரு அடுக்கு."

"என் கேரியர்ல தயிர்சாதம் இருந்தது."

சார் மெதுவாக நிமிர்ந்தார். "வெங்கு, அன்னிக்கு ஏகாதசியாச்சே?"

வெங்கு மாமா கழுத்திலிருந்த காமிராப் பட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

ரவூப் சேட்டுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னதும் தொடையைத் தட்டினார். "என்ன ஐயரே, சாப்பிட்டேன்னு சொன்னா வெரதம் போச்சு. சாப்பிடலன்னா வேல போச்சு. எது வேணும், சொல்லுங்க!"

"பசி தாங்கலை. சாப்பிட்டேன். போறுமா?" என்றார் வெங்கு மாமா. முகம் சிவந்திருந்தது. "பஜனையில பொய் சொன்னேன். அது எனக்கும் பகவானுக்கும் நடுவுல."

நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அவர் இதை ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மெஹராஜ் அக்காதான் முன்னால் வந்தார். "தயிர்ச்சோறு கழுவின தண்ணியையா என் எருமை வேண்டாம்னுச்சு? தயிர்ச்சோறுன்னா தொட்டியையே நக்கியிருக்குமே!"

பதினோரு பேரும் சிரித்தார்கள். எருமையைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "மாமா, கேரியர்ல நாலாவது அடுக்கு எங்கே?"

அவர் காமிராவின் தோல் மூடியைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "பித்தளை. நீலமா களிம்பு பிடிச்சுடுத்து. மாமி தூக்கிப் போட்டுட்டா." அம்மோனியம் சல்பேட் பட்ட பித்தளைதான் அப்படி நீலம் பூக்கும்.

மீதியை அவரே சொன்னார். குர்லாவில் கள்ள விலைக்கு உரம் விற்கிற ஒரு கடைக்காரர் அவருக்குப் பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார், தபேலாக்காரர்களை வாடிக்கையாகக் கொண்டு வந்தால். கல்ச்சரால் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால் உரத்துக்குத்தானே வருவார்கள். ஹமீது பாய்மேல் பழி வரும் என்று தான் நினைக்கவே இல்லை என்றார். வந்தபிறகு ஏன் சும்மா இருந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. காமிராவைக் கழற்றிச் சாரிடம் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

சார் தபேலாக்காரர்களைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிக்கணும். சோதனை கெட்டுப்போச்சு. மறுபடி விதைச்சு ரெண்டு மாசத்துல..."

"எது கெட்டுப்போச்சு?" என்றார் ரவூப் சேட்.

அவர் ஒன்றாம் பாத்திக்கும் இரண்டாம் பாத்திக்கும் நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் விரித்தார். "இந்தப் பக்கம் உரம் தின்ன பயிரு. அந்தப் பக்கம் உரமே பாக்காத பயிரு, ஒங்க கரிப்பொடி மட்டும். ரெண்டும் ஒரே உசரம், ஒரே பச்சை. ரெண்டும் இல்லாதது அந்தா வெளிய மஞ்சளா நிக்குது. இத விட என்னத்தக் காட்டப் போறிய? உரத்துக்கு நான் எத்தன கடை வாசல்ல போய் நின்னேன் தெரியுமா ஸார் இந்த வருசம்?"

சார் அவரையே பார்த்தார். பிறகு பாத்திகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்படி ஒரு ஒப்பீட்டை நாங்கள் திட்டமிட்டிருக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றவில்லை. வெங்கு மாமா போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

9.50-க்குத் தாணே நிலம் அத்தனைக்கும் பேச்சு முடிந்தது. பதினோரு பேரும் சம்மதம். கொட்டகையைப் பூட்ட வேண்டாம். இன்னும் இரண்டு ஆள் வேண்டியிருக்கும்.

எல்லார் முன்னாலும் சார் ஹமீது பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்மேல. மனசுல வச்சுக்காதே."

ஹமீது பாய் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இங்க சொன்னது சந்தோசம் ஸார். ஆனா பேரு போனது தாராவியில. அங்க வந்து சொல்லுதியளா?"

"வரேன்," என்றார் சார்.

"டீ குடிச்சிட்டுத்தான் போவணும்."

"ரெண்டு டம்ளர் குடிக்கறேன்."

ரயிலில் ஹமீது பாய் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தார். குர்லா வருவதற்குள் மூன்று தடவை தனக்குள் சிரித்தார். கடைசியில் கேட்டேவிட்டார். "தங்கச்சி, நீங்க மட்டும் அன்னைக்கு ஒழுங்கா அளந்திருந்தா?"

"தொலைஞ்சு போயிருப்போம் பாய்," என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பெட்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே தபேலாக்களும் சாக்கடைகளும் ஓடின. எல்லாமே அழகாக இருந்தன.

நாளை, 30-1-67, திங்கள். காலை 8.00-க்குக் கூடம் திறக்குமுன் கிழியாத அளவு நாடா ஒன்று வாங்க வேண்டும். சுவரில் இருக்கும் வரைபடத்தில் மூன்றாம் பாத்தியின் நீளத்தைப் பதினெட்டு என்று திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தே காலுக்குச் சாரைத் தாராவிக்குக் கூட்டிப்போக வேண்டும். வகுப்புக்கு அரை மணி தாமதமாகும்.